சட்டை போட முடியாத தையல்காரன்: நரம்பு வலி மாத்திரையை நான் போட்டுப் பழகிய விதம்

கோவில்பட்டியில் 36 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 61. ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவன், போன வருஷம் நாலு மாதம் சட்டை போடாமல் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். துணி உடம்பில் பட்டால் வலி. ஃபேன் காற்று பட்டாலும் வலி. கடைக்கு வருகிறவர்கள் "என்ன அண்ணாச்சி, வெக்கையா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது அந்த வலிக்கான மாத்திரையைப் போட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதில் நான் செய்யாத தப்பு குறைவு. எந்த மாத்திரை, எத்தனை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த பிறகு வீட்டில் அதை எப்படிப் போடுவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அந்தப் பாடத்தை எனக்கு யாரும் முழுதாக உட்காரவைத்துச் சொல்லவில்லை. சொன்னபோது நான் கேட்கவும் இல்லை.

தொடங்கியது பொங்கல் முடிந்த வாரம். வலது விலாவில் எரிச்சல், இரண்டு நாளில் முதுகிலிருந்து மார்பு வரை ஒரே பட்டையாகக் கொப்புளம். அக்கி. வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டேன். காவிக்கல்லைக் குழைத்துக் கோழி இறகால் எழுதினார்கள். குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் போனது ஆறாம் நாள். அக்கிக்கு வைரஸ் மாத்திரை இருக்கிறது, அதைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கி எழுத வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதிக்கொண்டு அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கலாம்.

கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்து தழும்பானது. வலி மட்டும் போகவில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் பல வருஷம் தூங்கிக் கிடந்து, பெரும்பாலும் வயதான பிறகு எழுந்து வருவதுதான் அக்கி. வரும்போது அந்த நரம்பையே பழுதாக்கிவிட்டுப் போகும். மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் அதை அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலி என்கிறார்கள். வயது ஏற ஏற இது வரும் வாய்ப்பும் கூடும். 50 தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. விலைதான் கையைக் கடிக்கும்.

வலிக்கும்போது போடும் மாத்திரை இல்லை இது

என் முதல் தப்பு, இரண்டு மாதம் நானே மெடிக்கலில் வாங்கிப் போட்ட டைக்ளோபினாக். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அரை மணி நேரம் குறைந்த மாதிரி இருக்கும், அதுவும் நம்பிக்கையால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

சித்திரையில் திருநெல்வேலிக்கு ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கேட்டார்: "உங்க தையல் மிஷின் மோட்டார்ல ஒயர் மேல இருக்கிற தோல் கருகிப்போச்சுன்னா என்ன ஆகும்?"

"ஷாக் அடிக்கும்மா."

"அதேதான். கரண்ட் கசியுது. நீங்க இத்தனை நாள் போட்டது புண்ணுக்கும் வீக்கத்துக்கும் உள்ள மாத்திரை. புண்ணு ஆறிருச்சு. கெட்டுப்போனது ஒயர்."

ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.4, அதாவது கூடுதல். டைக்ளோபினாக்கை இப்படி மாதக்கணக்கில் போட்டால் கிட்னியைப் பதம் பார்க்கும். அவர் எனக்கு எழுத நினைத்த பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை உடம்பை விட்டு வெளியேறுவதோ கிட்னி வழியாகத்தான். கிட்னி மந்தமாக இருந்தால் மாத்திரை உள்ளேயே தேங்கி, சின்ன அளவே பெரிய அளவு மாதிரி வேலை செய்யும். அதனால் எனக்குப் பாதி அளவில்தான் தொடங்கினார். வலிக்கு என்று நானே போட்ட மாத்திரை, வலிக்கான சரியான மாத்திரையை வேகமாக ஏற்ற முடியாமல் செய்துவிட்டது. அதன் உறவுக்கார மாத்திரையான காபாபென்டினும் இதே வழியில்தான் வெளியேறும். இந்த இரண்டில் எதை எழுதினாலும், "என் கிட்னி அளவு பார்த்தாச்சா?" என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டு, "அப்பா, இது வலிப்புக்கு உள்ள மாத்திரைன்னு போட்டிருக்கு, உங்களுக்கு வலிப்பா?" என்றாள். வீட்டில் ஒரு மணி நேரம் யாரும் சாப்பிடவில்லை. பயப்பட வேண்டாம். காபாபென்டின் 1993-இல் வலிப்பு நோய்க்காகத்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நரம்பு வலிக்கு எழுதும் இன்னொரு மாத்திரையான அமிட்ரிப்டிலின் 1961-இல் மனச்சோர்வுக்காக வந்தது. நரம்பில் ஓடும் செய்தியை மாற்றும் மாத்திரைகள் என்பதால் இரண்டும் நரம்பு வலிக்கும் உதவுகின்றன. பிரிகாபலின் செய்வது, நரம்பு முனையில் கால்சியம் நுழையும் கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வைப்பது. கதவு ஒருக்களித்திருக்கும்போது வலிச் செய்தி குறைவாகக் கடக்கும். அதற்கு மாத்திரை எப்போதும் உடம்பில் ஓர் அளவில் இருக்க வேண்டும். தலைவலி மாத்திரை மாதிரி வலி வந்த பிறகு ஒன்று, வலி இல்லாவிட்டால் விடுமுறை என்று போட்டால் கதவு திறந்து திறந்து மூடும், அவ்வளவுதான். பிரிகாபலின் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை எழுதுவது அதனால்தான். கடிகாரம் பார்த்துப் போடுங்கள், வலி இருக்கிறதா என்று பார்த்துப் போடாதீர்கள்.

எதிர்பார்ப்பையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மா முதல் நாளே சொன்னார்: பிரிகாபலினை 7, 8 பேருக்குக் கொடுத்தால், வெறும் மாவு மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்குத்தான் வலி பாதியாகக் குறையும். கேட்டதும் எனக்கு மனசு விட்டுப்போனது. ஆனால் முன்கூட்டியே சொன்னதுதான் நல்லது. ஒரு மாத்திரை கேட்காவிட்டால் அடுத்தது இருக்கிறது, ஒருவருக்குக் கேட்காதது இன்னொருவருக்குக் கேட்கும். வலி மொத்தமாகப் போகாது, பாதியானால் அது வெற்றி என்று தெரிந்து தொடங்கியதால்தான் மூன்றாம் வாரத்தில் நான் மாத்திரையைத் தூக்கி எறியவில்லை.

சீட்டையும் அட்டையையும் படிப்பது

மருந்துச் சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. 0-0-1 என்றால் ராத்திரி மட்டும். எச்.எஸ். என்று எழுதியிருந்தால் படுக்கப் போகும் நேரத்தில். இது பலருக்கும் தெரியும். தெரியாதது அட்டையின் பின்பக்கம்.

ஆவணி மாதம் முட்டி வலிக்கு இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய சீட்டைக் கொண்டுபோகவில்லை. கேட்டதற்கு "பெரிசா ஒண்ணும் போடல சார்" என்றேன். அவர் ஒரு நரம்பு மாத்திரை எழுதினார். பெயர் வேறு, கலர் வேறு, கம்பெனி வேறு. இரண்டையும் சேர்த்து நாலு நாள் போட்டேன். மெத்தை மேல் நடக்கிற மாதிரி தரை அமுங்கியது. ஒரு பிளவுஸுக்கு ஓவர்லாக் அடிக்கும்போது கண் இரண்டாகத் தெரிந்து, ஊசி இடது ஆள்காட்டி விரல் நகத்தில் ஏறிவிட்டது. 36 வருஷத்தில் முதல் தடவை.

மெடிக்கல் அண்ணாச்சிதான் இரண்டு அட்டையையும் திருப்பிப் பார்த்தார். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர். அதற்குக் கீழே எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பேர். இரண்டிலும் பிரிகாபலின் 75. ஒன்றில் மட்டும் கூடவே மெத்தில்கோபாலமின், அதாவது பி12. நம் ஊரில் நரம்பு மாத்திரையில் பல இப்படிக் கூட்டு மாத்திரைதான்: பிரிகாபலினோடு பி12, பிரிகாபலினோடு நார்ட்ரிப்டிலின் (அமிட்ரிப்டிலின் வகை), காபாபென்டினோடு நார்ட்ரிப்டிலின். கடையில் "அந்தக் கம்பெனி இல்ல, இது அதே மாதிரி" என்று மாற்றிக் கொடுத்தால், அந்தச் சின்ன எழுத்தையும் அதன் பக்கத்தில் உள்ள மில்லிகிராம் எண்ணையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். ஜன் ஔஷதி, முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் மருந்தின் பெயரிலேயே மாத்திரை கிடைக்கும், விலையும் குறைவு. அங்கே போக வேண்டுமானால் மருந்துப் பெயர் தெரிந்திருப்பது இன்னும் அவசியம்.

மாத்திரையின் பேர் எஸ்.ஆர். என்று முடிந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை. உடைத்தால், மென்றால், ஒரு நாள் முழுக்க வர வேண்டியது ஒரேயடியாக வந்துவிடும். நரம்பு வலிக்கு எழுதும் டுலாக்ஸிடின் கேப்ஸ்யூலையும் பிரிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மணிகள் வயிற்றின் அமிலத்தைத் தாண்டிப் போவதற்காகப் பூச்சு பூசியவை.

அரை அட்டை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வெறும் வெள்ளித் தாளில் நாலு மாத்திரையை மட்டும் கொண்டுவந்தால் அவசரத்தில் எந்த டாக்டருக்கும் அது என்னவென்று தெரியாது. இப்போது ஒவ்வோர் அட்டையிலும் ஒரு துண்டு வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பல் பிடுங்கப் போனால்கூட எடுத்துக் காட்டிவிடுவேன்.

முதல் பதினைந்து நாள்

எனக்கு எழுதியது பிரிகாபலின் 75, ஒரு வாரம் ராத்திரி மட்டும். பிறகு காலையும் ராத்திரியும். மூன்று வாரம் கழித்து, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, நார்ட்ரிப்டிலின் 10 ராத்திரிக்குச் சேர்த்தார். இதைப் பார்த்து நீங்கள் போட வேண்டாம். ஏணி எப்படி இருக்கும் என்று காட்டத்தான் சொல்கிறேன். எல்லா நரம்பு மாத்திரைக்கும் ஏணி உண்டு. என் மச்சானுக்குச் சுகரால் பாத எரிச்சல். அவருக்குக் காபாபென்டின் 300, முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏற்றினார்கள். அவருடைய ஏணி வேறு, என்னுடையது வேறு. சட்டை தைக்கும்போது முதலில் ஓட்டுத் தையல் அடித்துக் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்வோமே, அது மாதிரிதான். முதல் அளவு உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கத்தான். அதில் வலி போகவில்லையே என்று சண்டை போடக் கூடாது.

முதல் வாரம் தலை கிறுகிறுக்கும், தூக்கம் அழுத்தும். ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போதுதான் ஆபத்து. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, இருபது எண்ணிவிட்டு எழுந்திருங்கள். என் வீட்டுக்காரி கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சின்ன பல்பு ஒன்று போட்டுவைத்தாள், வழியில் கிடந்த கால்மிதியையும் எடுத்துவிட்டாள். வயதானவர்கள் இந்த மாத்திரையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது நிஜமாக நடக்கிற விஷயம். வண்டி ஓட்டாதீர்கள். தொடங்கிய வாரம் மட்டும் இல்லை, அளவு ஏற்றும் ஒவ்வொரு தடவையும் முதல் சில நாள் வண்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள். நான் டி.வி.எஸ்.ஸை விட்டுவிட்டு மினி பஸ்ஸில்தான் கடைக்குப் போனேன்.

ராத்திரி மாத்திரையைப் படுக்கும்போது போட்டால் காலை பத்து மணி வரை மண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன், ராத்திரி எட்டு மணிக்கே போட்டுவிடச் சொன்னார். அந்தப் பஞ்சு விடிவதற்குள் கலைந்துவிட்டது. இவ்வளவு சின்னத் திருத்தத்துக்காக ஒரு வாரம் கஷ்டப்பட்டிருக்கிறேன். பிரிகாபலினைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. டுலாக்ஸிடின் குமட்டும், சாப்பாட்டோடு போட்டால் அது கொஞ்சம் அடங்கும்.

நார்ட்ரிப்டிலின், அமிட்ரிப்டிலின் வகையில் வாய் உலரும், மலம் இறுகும். மிட்டாய் சப்பி வாயை ஈரமாக்க நினைக்காதீர்கள், சுகரும் வரும், பல்லும் போகும். எங்கள் ஊரில் கடலை மிட்டாய் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் இதை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை மிஷின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வாயாகக் குடித்தேன். ராத்திரி பழம், காலையில் வெந்நீர். இதைவிட முக்கியம்: ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தாலும், கண்ணில் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், என்று யாராவது சொல்லியிருந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் இந்த வகை மாத்திரையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒன்றுக்குப் போக முக்க வேண்டியிருந்தால் "வயசாயிருச்சு" என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

பிரிகாபலினில் கால் வீங்கலாம், எடை ஏறலாம். எனக்கு மூன்று மாதத்தில் நாலு கிலோ ஏறியது. என் பேன்ட் இடுப்பை நானே இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன், அளவு கேட்க ஆள் வேண்டியதில்லை. இதய பலவீனம் உள்ளவர்கள் கால் வீக்கத்தை உடனே சொல்ல வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. போட்டேனா இல்லையா என்ற குழப்பம்தான் எனக்குப் பெரிய தொல்லை. பழைய பாபின் டப்பா ஒன்றைக் கழுவி, ஏழு குழிக்கும் கிழமை எழுதி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரத்துக்கு உள்ளதை அட்டையோடு வெட்டி நிரப்பிவிடுவேன். குழி காலி என்றால் போட்டாயிற்று. பேரன் வரும் நாளில் டப்பா பீரோவுக்கு மேலே போய்விடும்.

கூட எது சேரக் கூடாது

சாராயம், பிராந்தி, பீர் எதுவானாலும் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் தூக்கமும் தடுமாற்றமும் இரண்டு மடங்கு. "ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்லும் நண்பர் எனக்கும் உண்டு. கல்யாண வீட்டில் அவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தேன்.

டிரமடால் என்ற கடுமையான வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை இன்னும் மோசம். காபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் இவற்றோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2019 டிசம்பரில் எச்சரித்தது. வயதானவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள் இந்த மாத்திரையைத் தனியாகப் போட்டாலே கவனமாக இருக்க வேண்டும். டிரமடால் டுலாக்ஸிடினோடும் நார்ட்ரிப்டிலினோடும் ஒத்துப்போகாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று வேறு வழியில் தொல்லை தரும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள்கூட இதோடு சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும். மெடிக்கலில் எது கேட்டாலும், "நான் நரம்பு மாத்திரை போடுறேன்" என்ற ஒரு வரியை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான் கதையில் இன்னொன்று. அவருக்கு நெஞ்செரிச்சலும் உண்டு. காபாபென்டின் போட்ட கையோடு ஒரு மூடி அசிடிட்டி டானிக் குடிப்பார். அந்த டானிக்கில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் காபாபென்டினை உடம்பில் முழுதாகச் சேர விடாது. டானிக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. அவர் ஒன்பது வருஷமாக மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை போடுகிறவர். அது நாளடைவில் பி12-ஐக் குறைக்கும், பி12 குறைந்தாலும் காலில் இதே மாதிரி எரிச்சலும் மதமதப்பும் வரும். சுகர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனையில் பி12 அடிமட்டம். எனக்குப் பி12 குறைவு இல்லை, அதனால் எனக்கு அந்தப் பி12 மாத்திரையால் பெரிய லாபமும் இல்லை. "நரம்புக்குச் சத்து" என்று எல்லோருக்கும் எழுதுவதைக் கேள்வி கேட்கலாம் என்பது என் கட்சி.

உதடு, முகம் வீங்கினால், உடம்பில் கொப்புளமோ தோல் உரிதலோ வந்தால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால், எழுப்பினாலும் எழ முடியாத தூக்கமாக இருந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. முகத்தில் மின்னல் வெட்டுகிற வலிக்குக் கார்பமாசெபின் போடுகிறவர்கள் தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மனசைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இந்த மாத்திரைகளில் சிலருக்கு மனம் இருண்டுபோகும், சாகலாமா என்ற எண்ணம்கூட வரும். வலியாலும் வரும், மாத்திரையாலும் வரும், எதனால் என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்: "நான் வழக்கம் போல இல்லன்னா டாக்டருக்குச் சொல்லு." 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் ராப்பகலாகத் தமிழிலேயே பேசுவார்கள்.

சட்டை நிமிடம்

வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர்கள் கேட்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு வரவே இல்லை. நேற்று எட்டு, இன்று ஏழரையா? யாருக்குத் தெரியும்? அதனால் எனக்குத் தெரிந்த அளவில் வைத்தேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு பருத்திச் சட்டையைப் போட்டு, பட்டன் எல்லாம் மாட்டி, கழற்றத் தோன்றும் வரை எத்தனை நிமிடம் என்று ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பக்கத்தில் தூக்கம் எத்தனை மணி, கிறுகிறுப்பு உண்டா இல்லையா. தொடங்கிய அன்று 4 நிமிடம். முதல் வாரம் முடிந்தபோது 6. மனைவி முகத்தைப் பார்த்தேன், அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் 25. நார்ட்ரிப்டிலின் சேர்ந்து ஒரு மாதம் கழித்து மூன்று மணி நேரம். அந்த நோட்டைக் காட்டியபோது டாக்டரம்மா சிரித்தார், ஆனால் அதைப் பார்த்துத்தான் அளவை மேலே ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்தார்.

உங்களுக்கு அது செருப்போடு நடக்கிற தூரமாக இருக்கலாம், போர்வை போர்த்தித் தூங்கிய நேரமாக இருக்கலாம். எண்ணக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். தாங்குகிற அளவு வரை ஏற்றி, ஆறிலிருந்து எட்டு வாரம் பார்த்தும் எண்ணிக்கை நகரவில்லை என்றால், அந்த மாத்திரை நமக்கு இல்லை என்று சொல்ல அந்தப் பக்கமே சாட்சி.

மாத்திரை மட்டும் போதவில்லை என்பதால் நான் செய்துகொண்ட ஒரு வேலை: மல் துணியில் இரண்டு பனியன் தைத்தேன், தையலும் பிசிறும் வெளிப்பக்கம் வரும்படி. பார்க்க உள்புறம் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும், ஆனால் விலாவில் ஒரு நூல்கூட உரசாது. அதற்கு மேல் சட்டை. லூசாகத் தொங்கும் துணியைவிட உடம்போடு ஒட்டி நிற்கும் மெல்லிய துணி குறைவாக வலிக்கும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன், அசையாததால் உரசாது. மிளகாயின் காரத்திலிருந்து எடுத்த கேப்சைசின் களிம்பும் கொடுத்தார்கள். புண் முழுதாக ஆறிய தோலில்தான் பூச வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

நிறுத்துவது

ஐப்பசியில் தீபாவளித் துணி மலை மாதிரிக் குவிந்தது. தூக்கம் இல்லாமல் தைக்க வேண்டும், மாத்திரையோ தூங்கவைக்கிறது, வலியும் குறைந்துதான் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை இரண்டு மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

தூக்கம் வராமல் தைக்க ஆசைப்பட்டேன், ஆசை நிறைவேறியது. மூன்று ராத்திரி கண் மூடவில்லை. ஐப்பசி மழையில் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டியது, வயிறு போனது, கை நடுங்கிக் காஜா எடுக்க முடியவில்லை. நாலாம் நாள் வலி வட்டியும் முதலுமாக வந்தது. சட்டை நிமிடம் 7. பிரிகாபலினைக் குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். என்னைப் போல மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு இன்னும் மெதுவாக. வலிப்பு நோய் உள்ளவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மீண்டும் தொடங்கும்போதும் விட்ட இடத்திலிருந்து நாமாகத் தொடங்கக் கூடாது. எனக்கு அவர் பழையபடி ராத்திரி 75-இலிருந்துதான் ஏற்றினார். அந்தத் தீபாவளிக்கு 40 சட்டை அடுத்த கடைக்குப் போனது.

அதனால் மாத்திரை தீருவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே வாங்கி வைக்கிறேன். ஊருக்குப் போனால் பையில் இரண்டு நாளைக்குக் கூடுதலாக. தேவை தீர்ந்துவிட்டதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் நாமே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சீட்டு அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும்.

நான் இந்தத் தை முடிந்து கேட்டேன். கிரியேட்டினின் 1.1-க்கு இறங்கியிருந்தது, சட்டை ஒரு நாள் முழுக்க உடம்பில் நின்றது. குறைத்துப் பார்க்கலாம் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார்: காலை 75-க்குப் பதில் 50, இரண்டு வாரம். பிறகு 25, இரண்டு வாரம். பிறகு காலை நேரத்துக்கு ஒன்றும் இல்லை. ராத்திரி உள்ளதைத் தொட வேண்டாம், அதை அடுத்த தடவை பேசலாம். ஏதாவது ஒரு படியில் வலி ஏறினால் அந்தப் படியிலேயே நின்று போன் செய்ய வேண்டும். குறைந்த அளவுக்குக் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைப் பாதியாக்கக் கூடாது, அந்த அளவில் தனி கேப்ஸ்யூலே வருகிறது.

இன்று 50-இல் ஒன்பதாம் நாள். காலை ஒன்பது மணிக்குப் போட்ட சட்டை, இதை எழுதும் மாலை ஆறரைக்கும் உடம்பில்தான் இருக்கிறது. மல் பனியன் உள்ளே இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. நோட்டில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும்.